3,000 மேற்கோள் என்றால் என்ன? மூலக்கூற்று உயிரியலாளர் ஒருவரின் கணக்கை வாசிப்பது எப்படி

ஒவ்வொரு வருடமும் "உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்" பட்டியல் வந்தவுடன் எங்கள் ஆட்களின் பேஸ்புக் பக்கங்களில் வாழ்த்துப் படங்கள் வரிசையாக வரும். ஒரு பேராசிரியரின் படம், கீழே இத்தனை ஆயிரம் மேற்கோள், எச்-சுட்டெண் இத்தனை என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஊரே கூடி வாழ்த்து. திருகோணமலையில் படித்துப் போன ஒருவரின் பெயர் அதில் இருந்தால் மகிழ்ச்சி இன்னும் கூடும், கூடவும் வேண்டும். ஆனால் அந்த எண் எதை எண்ணுகிறது என்று உயர்தர உயிரியல் பிள்ளைகளிடம் கேட்டாலும் சரி, பட்டம் முடித்துவிட்டுக் கலாநிதிப் படிப்புக்கு வெளிநாட்டில் மேற்பார்வையாளர் தேடுகிறவர்களிடம் கேட்டாலும் சரி, பெரிய எண் என்றால் பெரிய விஞ்ஞானி என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. டி.என்.ஏ, புரதம் போன்ற மூலக்கூறுகளின் மட்டத்தில் உயிரைப் படிக்கும் மூலக்கூற்று உயிரியலில் இந்தப் பதில் மோசமாகப் பிழையாகிறது. அந்தப் பதிலை நம்பித்தான் பிள்ளைகள் ஐந்து வருடத்தை யாரோ ஒருவரின் ஆய்வுகூடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ஒரு ஆய்வுக் கட்டுரை தன் உசாத்துணைப் பட்டியலில் இன்னொரு கட்டுரையைக் குறிப்பிட்டால் அந்த இன்னொரு கட்டுரைக்கு ஒரு மேற்கோள். அவ்வளவுதான். பாராட்டிக் குறிப்பிட்டாலும் ஒன்று, பிழை என்று காட்டக் குறிப்பிட்டாலும் ஒன்று. இந்தக் கணக்கைப் பெரிய அளவில் தொடங்கி வைத்தவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட். அவருடைய அறிவியல் மேற்கோள் அடைவு 1964இல் வந்தது. ஒரு கட்டுரையிலிருந்து அதைப் பயன்படுத்திய அடுத்த கட்டுரைகளுக்குப் போக ஒரு வழி வேண்டும் என்பதுதான் அவருடைய தேவை. தேடுவதற்காகச் செய்த கருவி பிறகு ஆட்களை வரிசைப்படுத்தும் கருவியாக மாறியது. அந்த மாற்றத்தின் விளைவுகளைத்தான் இன்று அனுபவிக்கிறோம்.

சரி, இதுவரை அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் எவை? 2014இல் நேச்சர் சஞ்சிகை முதல் 100 கட்டுரைகளைத் தேடிப் பட்டியலிட்டது. முதலிடம் ஆலிவர் லோரியும் கூட்டாளிகளும் 1951இல் எழுதிய கட்டுரைக்கு. அப்போதே 3 இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள். அந்தக் கட்டுரை சொல்வது, ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை ஒன்றை. இரண்டாவது, லேம்லி 1970இல் எழுதியது. அதைத் தொட்டுத்தான் புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டுப் பிரிக்கும் முறை உலகமெங்கும் பரவியது. மூன்றாவது பிராட்ஃபோர்ட், 1976, அதுவும் புரதத்தை அளக்கும் முறைதான். நான்காவது சாங்கரின் டி.என்.ஏ வரிசை வாசிக்கும் முறை, 1977. ஐந்தாவது, இழையங்களிலிருந்து ஆர்.என்.ஏயைப் பிரித்தெடுக்கும் முறை, 1987. ஐந்துமே செய்முறைக் கட்டுரைகள் என்பதைக் கவனியுங்கள். எந்த மேசனும் தூக்குக்குண்டு இல்லாமல் சுவர் எழுப்புவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தூக்குக்குண்டைக் கண்டுபிடித்தவரின் பெயரை எழுதிவைக்கும் வழக்கம் இருந்தால் அவர் பெயர் எந்தக் கட்டடக் கலைஞரின் பெயரையும் தாண்டிப் போயிருக்கும். செய்முறைக் கட்டுரைகளுக்கு நடந்தது அதுதான்.

இதே பட்டியலின் முதல் நூறில் இல்லாத ஒன்றைச் சொன்னால் உயிரியல் படித்த எவருக்கும் திக்கென்று இருக்கும். 1953 ஏப்ரலில் வாட்சனும் கிரிக்கும் எழுதிய டி.என்.ஏ இரட்டைச் சுருள் கட்டுரை அதில் இல்லை. நூறாவது இடத்துக்கே 12,000க்கு மேல் மேற்கோள் தேவைப்பட்டது. இருபதாம் நூற்றாண்டு உயிரியலைத் தலைகீழாக்கிய அந்தச் சின்னக் கட்டுரை அந்த வரம்பைத் தாண்டவில்லை. காரணம், இரட்டைச் சுருள் எல்லோருக்கும் தெரிந்த உண்மை ஆகிவிட்டது. பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட ஒன்றை யார் உசாத்துணை போட்டு எழுதப் போகிறார்கள்?

எங்களுக்கு இன்னும் கிட்ட ஒரு உதாரணம் இருக்கிறது. ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது சி. ராமகிருஷ்ணனோடும் வி. சசிசேகரனோடும் சேர்ந்து 1963இல் ஒரு கட்டுரை எழுதினார். புரதச் சங்கிலியின் பிணைப்புகள் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய வரைபடம் அது. இன்று உலகப் புரதக் கட்டமைப்புத் தரவு வங்கியில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டமைப்புகள் இருக்கின்றன; ஒரு கட்டமைப்பு சரியானதா என்று பார்க்க முதலில் எடுக்கும் சோதனைகளில் ஒன்று ராமச்சந்திரன் வரைபடம். எழுதுகிறவர்கள் அவருடைய பெயரைச் சொல்கிறார்கள், 1963 கட்டுரையைப் பெரும்பாலும் உசாத்துணையில் போடுவதில்லை. பெயர் பொதுச் சொல்லாகிவிட்ட பிறகு மேற்கோள் கணக்கு அந்தப் பயன்பாட்டோடு சேர்ந்து ஓடுவதில்லை. ஒரு தமிழ் மாணவருக்கு மேற்கோள் கணக்கின் குறையை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி எச்-சுட்டெண். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன கணக்கு. ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் கூடியதிலிருந்து குறைந்ததுக்கு அடுக்குங்கள். ஐந்து கட்டுரைகள், மேற்கோள்கள் 40, 12, 7, 4, 1 என்று வையுங்கள். நான்காவது கட்டுரைக்குக் குறைந்தது 4 மேற்கோள் இருக்கிறது, ஐந்தாவதுக்கு 5 இல்லை. ஆகவே எச் என்பது 4. இப்போது அந்த 40ஐ 40,000 ஆக்கிப் பாருங்கள், எச் அதே 4தான். ஒரே ஒரு மகத்தான கட்டுரை எழுதியவரும் ஒரே ஒரு சுமாரான கட்டுரை எழுதியவரும் இதில் ஒரே வரிசையில் நிற்பார்கள். வயது கூடக்கூட எச் கூடும், ஒருபோதும் குறையாது, ஓய்வு பெற்ற பிறகும் ஏறும். அதனால் 35 வயது விரிவுரையாளரையும் 60 வயதுப் பேராசிரியரையும் இந்த எண்ணால் ஒப்பிடுவது முற்றிலும் அநியாயம். ஒரே ஆளுக்குக்கூட கூகிள் ஸ்கொலர் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடுபொறியில் ஒரு எண், ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த எண் என்று காட்டும், ஏனென்றால் கூகிள் ஆய்வேடுகள், மாநாட்டு அறிக்கைகள், அச்சுக்கு முந்திய பிரதிகள் என்று எல்லாவற்றையும் அள்ளிச் சேர்க்கிறது. இரண்டு பேரை ஒப்பிடுகிறவர்கள் ஒருவருக்கு கூகிளையும் மற்றவருக்கு ஸ்கோபஸையும் எடுத்தால் கதை கந்தல்.

சஞ்சிகையின் தாக்கக் காரணி என்று இன்னொரு எண் இருக்கிறது, அதைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. முந்திய இரண்டு வருடக் கட்டுரைகளுக்குக் கிடைத்த சராசரி மேற்கோள் அது. சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் போதும். 2008இல் ஜோர்ஜ் ஷெல்ட்ரிக் தன்னுடைய பளிங்குக் கட்டமைப்புக் கணினி நிரல் பற்றி ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா சஞ்சிகையின் ஏ பிரிவில் ஒரு கட்டுரை எழுதினார். அந்த நிரலைப் பயன்படுத்திய எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். 2 அளவில் கிடந்த சஞ்சிகையின் தாக்கக் காரணி 2009க்கு 50ஐத் தொட்டுக்கொண்டு நின்றது. அந்த இரண்டு வருடத்தில் அதே சஞ்சிகையில் எழுதிய மற்றவர்களின் கட்டுரைகள் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. அவர்களுடைய சுயவிபரக் கோவையில் மட்டும் 50 என்ற எண் ஏறியது. 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் உயிரணு உயிரியலாளர்கள் கூடி, தனி மனிதரை அளக்க சஞ்சிகையின் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று பிரகடனம் எழுதியதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கூத்துகள் பல இருந்தன.

இனி எங்கள் மண்ணோடு தொடர்புள்ள விஷயத்துக்கு வருகிறேன். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகாத திருகோணமலைக்காரர் இல்லை. அந்தியேட்டிக்குப் போயிருப்பார்கள், இல்லையென்றால் வெளியூர் உறவினரைக் கூட்டிக்கொண்டு குளிக்கப் போயிருப்பார்கள். ஏழு கிணற்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும் என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். இப்படியான வெந்நீரில் என்ன உயிர் வாழ்கிறது என்ற கேள்வியை 1960களில் தோமஸ் புரொக் அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில் கேட்டார். அங்குள்ள ஊற்றுகள் கன்னியாவைவிட எவ்வளவோ சூடானவை. பட்டப்படிப்பு மாணவரான ஹட்சன் ஃப்ரீஸோடு சேர்ந்து அவர் பிரித்தெடுத்த தெர்மஸ் அக்குவாட்டிக்கஸ் என்ற பற்றீரியா 70 பாகை செல்சியஸ் அளவில் செழித்து வளரும். 1969இல் கட்டுரை வந்தது. யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. 1976இல் வேறொரு குழு அந்தப் பற்றீரியாவிலிருந்து டி.என்.ஏயைப் பிரதி எடுக்கும் நொதியத்தைப் பிரித்தது. 1983இல் கேரி முல்லிஸ், டி.என்.ஏ துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிக் குளிர்வித்துப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் யோசனையைக் கண்டார். சூடாக்கும் ஒவ்வொரு சுற்றிலும் சாதாரண நொதியம் செத்துப்போவதால் வந்த தலைவலியை இந்த வெந்நீர் நொதியம் தீர்த்தது. இன்று கொவிட் பரிசோதனை முதல் டி.என்.ஏ மரபுவழிச் சோதனை வரை எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

இதில் மேற்கோள் யாருக்குப் போனது என்று பாருங்கள். பிசிஆரை விபரித்து முல்லிஸ் எழுதிய கட்டுரையை நேச்சர், சயன்ஸ் என்ற இரண்டு பெரிய சஞ்சிகைகளும் திருப்பி அனுப்பின. அது 1987இல் செய்முறைத் தொகுப்பு ஒன்றில் வந்தது. முல்லிஸ் வேலை செய்த சீட்டஸ் கம்பனியைச் சேர்ந்த சைக்கியும் குழுவினரும் 1985இலும் 1988இலும் சயன்ஸில் எழுதிய கட்டுரைகள்தான் உலகத்தின் உசாத்துணைகளில் ஏறின. 1993இல் நோபல் முல்லிஸுக்குப் போனது. சுடுநீரில் கையை விட்ட புரொக்கின் 1969 கட்டுரை பிசிஆரைப் பயன்படுத்துகிற இலட்சக்கணக்கான கட்டுரைகளில் இருக்காது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று உசாத்துணை வழக்கம் சொல்கிறது. பயன்படுத்திய பொருளைத்தான் குறிப்பிடுவார்கள், அந்தப் பொருள் எந்த ஊற்றிலிருந்து வந்தது என்பதை அல்ல.

உப்பளத்துக் கதை இதைவிடக் கூர்மையானது. நிலாவெளிப் பக்கம் உப்பளம் இருப்பது எங்களுக்குத் தெரியும். கடும் உப்பு நீரில் ஒன்றும் உயிர் வாழாது என்று நினைப்போம். ஸ்பெயினின் சாண்டா போலா உப்பளங்களில் வாழும் ஒரு நுண்ணுயிரை 1989இலிருந்து கலாநிதிப் பட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தார் பிரான்சிஸ்கோ மொஹிக்கா. அதன் டி.என்.ஏயில் ஒரே துண்டு ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதை அவர் கண்டார். ஜப்பானில் வேறொரு பற்றீரியாவில் 1987இலேயே இதைப் போன்ற ஒன்றைக் கண்டிருந்தார்கள், என்னவென்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். மொஹிக்கா விடவில்லை. பத்து வருடத்துக்கு மேல் அதன் பின்னால் போய், இடைவெளியில் இருக்கும் துண்டுகள் வைரஸ்களிலிருந்து வந்தவை, இது பற்றீரியாக்களின் நோயெதிர்ப்பு ஏற்பாடு என்று கண்டு சொன்னார். அந்தக் கட்டுரையை நேச்சர் உட்படப் பல சஞ்சிகைகள் தள்ளிவிட்டன. 2005இல் அது வந்தது ஜேர்னல் ஒஃப் மொலிக்கியூலர் எவொலூஷன் என்ற அவ்வளவு ஆரவாரமில்லாத சஞ்சிகையில். இந்த ஏற்பாட்டுக்கு வழங்கும் கிறிஸ்பர் என்ற பெயரும் அவர் யோசித்ததுதான். 2012இல் ஷார்பாண்டியேயும் டவுட்னாவும் அதை டி.என்.ஏயை வெட்டும் கருவியாக்கினார்கள், 2020இல் இருவருக்கும் நோபல்.

2004இல் யாராவது மொஹிக்காவின் மேற்கோள் கணக்கை வைத்து அவருக்கு ஆய்வுப் பணம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? உப்பளத்து நுண்ணுயிரைப் படிக்கிறவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். உங்களை மேற்கோள் காட்ட ஆளே குறைவு என்றால் உங்கள் எண் எப்படி ஏறும்? புற்றுநோய் உயிரணுக்களைப் படிக்கிற ஆய்வுகூடங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அங்கே ஒரு நடுத்தரமான கட்டுரையும் இதைவிட எளிதாக மேற்கோள் வாங்கிவிடும். மேற்கோள் எண் ஆளின் திறமையைக் காட்டுவதற்கு முன்னால் அந்தத் துறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறது.

இதைத்தான் இலங்கையின் வட கிழக்கிலிருந்து வேலை செய்கிற ஒருவரின் கணக்கை வாசிக்கும்போது மனதில் வைத்திருக்க வேண்டும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்கள் போனது யாருக்கும் மறந்திருக்காது. அந்த வருடம் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகையால் வந்த எதிர்ப்புச் சக்தி மற்ற வகையை நீண்ட காலத்துக்குத் தடுக்காது, சிலவேளை நோயை மோசமாக்கவும் செய்யும். எந்த வகை சுற்றுகிறது என்று தெரிந்தால்தான் இந்த முறை ஏன் இவ்வளவு மோசம் என்பதற்குப் பதில் கிடைக்கும். அந்த வருடம் மேலோங்கியது இரண்டாம் வகை, அதைச் சொன்னது இரத்த மாதிரிகளில் செய்த பிசிஆர் சோதனைகளும் வைரஸின் மரபு வரிசையை வாசித்த வேலையும்தான். இப்படியான வேலையைச் செய்து ஒரு கட்டுரை எழுதுகிறவருக்கு அதை மேற்கோள் காட்டப் போவது டெங்கு படிக்கிற ஆட்கள் மட்டும். சில பத்து மேற்கோள் வரலாம். அந்த வேலையின் பெறுமதி அந்தச் சில பத்தில் அடங்கும் என்று எவராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இதோடு வேலை செய்கிற நிலைமையையும் சேர்த்துப் பாருங்கள். மூலக்கூற்று உயிரியல் குளிரில் நடக்கும் தொழில். நொதியங்கள் மறை 20 பாகையில் இருக்க வேண்டும், ஆர்.என்.ஏ மாதிரிகள் மறை 80இல். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்த நாட்டில் ஒரு குளிரூட்டி நிறைய மாதிரிகளைக் காப்பாற்றுவது என்றால் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், டீசலுக்கு வரிசையில் நிற்க வேண்டும். டொலர் இல்லாத மாதங்களில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய இரசாயனங்களும் வரவில்லை. இலங்கை உயிரியலாளர் ஒருவரின் வெளியீட்டுப் பட்டியலில் 2022, 2023இல் ஒரு பள்ளம் தெரிந்தால் அதைச் சோம்பல் என்று வாசிக்காதீர்கள். பிரசுரக் கட்டணமும் இருக்கிறது. நேச்சர் தன் சஞ்சிகையில் கட்டுரையை எல்லோரும் இலவசமாக வாசிக்கத் திறந்துவிட 9,500 யூரோ என்று 2020இல் அறிவித்தது. அந்தப் பணத்தைக் கட்டக்கூடிய ஆய்வுகூடத்தின் கட்டுரை எல்லோர் கண்ணிலும் படும், படுவது மேற்கோளாகும்.

அதிக மேற்கோள் என்றால் சரியான வேலை என்றும் இல்லை. 2010இல் கலிபோர்னியாவின் மோனோ ஏரியிலிருந்து எடுத்த பற்றீரியா பொசுபரசுக்குப் பதிலாக ஆர்செனிக்கைத் தன் டி.என்.ஏயில் சேர்க்கிறது என்று சயன்ஸில் ஒரு கட்டுரை வந்து உலகம் அமளிப்பட்டது. 2012இல் இரண்டு குழுக்கள் அதைச் சோதித்து அப்படியில்லை என்று காட்டின. மறுத்து எழுதியவர்களும் அதையே மேற்கோள் காட்டினார்கள், எண் ஏறிக்கொண்டே போனது. சயன்ஸ் அந்தக் கட்டுரையை மீளப் பெற்றுக்கொண்டது 2025இல்.

அப்படியென்றால் இந்த எண்களைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். எங்கள் பல்கலைக்கழகங்களில் பதவி உயர்வுக்குப் புள்ளித் திட்டம் இருக்கிறது, எண் இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஆள் அறிமுகமும் செல்வாக்கும் வந்து உட்காரும், அதைவிட எண் எவ்வளவோ மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முதல் 2 சதவீதப் பட்டியலைச் செய்கிற ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து ஜோன் இயோனிடிஸும் குழுவினரும்கூட வெறும் மொத்த மேற்கோளை எடுப்பதில்லை. தனி ஆசிரியராக, முதல் ஆசிரியராக, கடைசி ஆசிரியராக எழுதியவற்றைப் பிரித்து எண்ணுகிறார்கள், தன்னைத்தானே மேற்கோள் காட்டியதைக் கழித்தும் காட்டுகிறார்கள். வாழ்த்துப் படம் போடுகிறவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், குறை அங்கேதான்.

ஆசிரியர் வரிசையை எல்லா உயிரியல் மாணவரும் படித்துக்கொள்ள வேண்டும். எங்கள் துறையில் முதல் பெயர் பெரும்பாலும் கையால் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வுகூடத் தலைவருடையது, நடுவில் இருப்பவர்கள் மாதிரி கொடுத்தவர்கள், கணக்குப் போட்டவர்கள், கருவி இயக்கியவர்கள். 200 பேர் எழுதிய மரபணுக் கட்டுரை ஒன்றில் 117ஆவது பெயராக இருப்பவருக்கும் கூகிள் ஸ்கொலர் முழு மேற்கோளையும் கொடுத்துவிடும். 3,000 மேற்கோளில் 2,600 அப்படி ஒரே கட்டுரையிலிருந்து வந்திருந்தால் அதைத் தெரிந்துகொள்ள இரண்டு நிமிடம்கூடத் தேவையில்லை. பக்கத்தை மேற்கோள் வரிசையில் வைத்து மேலே உள்ள ஐந்து கட்டுரைகளில் அவர் பெயர் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். பிறகு அதே பக்கத்தை வருட வரிசைக்கு மாற்றி, கடைசி மூன்று நான்கு வருடத்தில் என்ன கேள்வியின் பின்னால் போகிறார் என்று பாருங்கள். ஒரே கேள்வியைத் துரத்துகிறாரா, கிடைத்த கூட்டுமுயற்சிகளில் எல்லாம் பெயர் சேர்க்கிறாரா என்பது தலைப்புகளை வாசிக்கும்போதே பிடிபடும். ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று சொடுக்கிப் பார்த்து, அதில் இரண்டையாவது திறந்து, எந்த வசனத்தில் இவருடைய பெயர் வருகிறது என்று தேடுங்கள். அறிமுகத்தில் பத்துப் பேரோடு சேர்த்து அடைப்புக்குள் போட்டிருக்கிறார்களா, இவருடைய முடிவை எடுத்து அதன் மேல் தங்கள் பரிசோதனையைக் கட்டியிருக்கிறார்களா என்பது அங்கேதான் தெரியும்.

கலாநிதிப் படிப்புக்கு மேற்பார்வையாளர் தேடுகிற பிள்ளைகளுக்கு இன்னொன்று. அவருடைய பழைய மாணவர்களின் பெயர்களைத் தேடுங்கள். அவர்கள் முதல் ஆசிரியராக எத்தனை கட்டுரை எழுதினார்கள், பட்டம் முடிக்க எத்தனை வருடம் எடுத்தது, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து, முடிந்தால் ஒருவருக்காவது மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் பதில் போடுவார்கள்.